சர்க் கோட்டையின் தேனிரும்பு வாயில்: ஒரு மதிப்புரை

வேல்ஸின் வடகிழக்கில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் சர்க் கோட்டையைக் காணச் செல்வோரில் பலர், பூங்காவின் முகப்பில் நிற்கும் தேனிரும்பு வாயிலைப் போகிறபோக்கில் பார்த்துவிட்டுக் கோட்டையை நோக்கி விரைந்துவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது சிறிதன்று. ராபர்ட் டேவிஸ், ஜான் டேவிஸ் என்னும் இரு சகோதரர்கள் 1712 முதல் 1719 வரையிலான ஆண்டுகளில் உருவாக்கிய இந்த வாயில், 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் கொல்லவேலைகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது என்பது என் முடிவு. அதே வேளையில், அது இன்று நிற்கும் இடம் அதற்காக வகுக்கப்பட்ட இடமன்று. ஆகையால் அதன் பொருளில் ஒரு பாதியைப் பார்ப்பவரே தம் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரும்புக்கு முழு மதிப்பெண், இருப்பிடத்துக்குப் பாதி மதிப்பெண் என்றுதான் நான் வழங்குவேன். அப்படி வழங்குவதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இத்தகைய வாயில்களை எப்படிப் பார்ப்பது என்பதை யாரும் எளிதில் சொல்லித் தருவதில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதலாம் எட்வர்ட் மன்னர் வேல்ஸை அடக்கியபின் எல்லைப் பகுதியைக் காக்க எழுப்பப்பட்ட கோட்டைகளுள் ஒன்றான சர்க், 1310ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்றது. 1595இல் சர் தாமஸ் மிடில்டன் என்ற லண்டன் வணிகர் அதை 5,000 பவுண்டுக்கு வாங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது அதில் முதலீடு செய்தவர்களில் அவரும் ஒருவர். அவர் வழிவந்தவர்கள் அந்தப் போர்க்கோட்டையைப் படிப்படியாகக் குடியிருக்கும் மாளிகையாக மாற்றினார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டத்தை மூன்றாவதாகத் தாங்கிய சர் ரிச்சர்ட் மிடில்டன்தான் கோட்டையின் வடக்கு முகப்புக்கு எதிரே இந்த வாயிலை அமைக்க ஏற்பாடு செய்தவர். ஆனால் வேலை முடிவதை அவர் பார்க்கவில்லை, 1716இல் இறந்தார். அவருடைய மகன் சர் வில்லியமும் 1718இல் வாரிசின்றி இறந்துபோக, பாரனெட் பட்டம் அத்துடன் முற்றுப்பெற்றது. சொத்து ராபர்ட் மிடில்டன் என்ற உறவினர் கைக்குச் சென்று, அவர் காலத்தில்தான் வாயில் நிறைவடைந்தது. ஒரு குடும்பத்தின் பெருமையை அறிவிக்கத் தொடங்கிய வேலை, அந்தப் பட்டமே அற்றுப்போன பிறகும் தளர்வோ சிக்கனமோ இன்றி அதே செழிப்புடன் முடிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கைகள் மூன்று மாறியும் கைவேலையில் எங்கும் தொய்வு தெரியவில்லை.

டேவிஸ் சகோதரர்கள் ரெக்ஸம் நகருக்கு அருகிலுள்ள பெர்ஷம் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை ஹியூ டேவிஸும் கொல்லரே. பெர்ஷம் பின்னாளில் இரும்புத் தொழிலின் வரலாற்றில் பெரிய பெயர் பெற்றது. ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகக் குடையும் முறையைக் கண்டது அங்கேதான். ஆனால் டேவிஸ் சகோதரர்களின் காலத்தில் அந்தத் தொழிற்புரட்சி இன்னும் கண்விழிக்கவில்லை. கல்கரியால், அதாவது சுட்டுப் பதப்படுத்திய நிலக்கரியால், இரும்பை உருக்கும் முறையை ஆபிரகாம் டார்பி கோல்புரூக்டேலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியது 1709இல்தான். கொல்லர்கள் பயன்படுத்திய தேனிரும்பு அப்போதும் மரக்கரியால் சுத்திகரிக்கப்பட்டு, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெருஞ்சம்மட்டியின் கீழ் அடித்து நீட்டப்பட்ட கம்பியாகவே பட்டறைக்கு வந்தது. எனவே இந்த வாயிலின் எந்தக் கம்பியும் ஆலையில் உருட்டி ஒரே கனத்தில் வெளிவந்ததன்று. நேர்க்கம்பிகளை அருகில் நின்று வரிசையாகப் பார்த்தால், ஒன்றுக்கொன்று மயிரிழை அளவு வேறுபடுவதையும், விளிம்புகள் எங்கும் கத்தியால் சீவியதுபோல் இராமல் மெல்ல மழுங்கியிருப்பதையும் காணலாம். பழைய வாயிலுக்கும் அதைப் பார்த்துச் செய்த பிற்காலப் போலிக்கும் உள்ள வேறுபாட்டை நான் முதலில் தேடுவது இந்த இடத்தில்தான். போலியில் எல்லாக் கம்பியும் ஒன்றுபோல் இருக்கும். கண் அதில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

தேனிரும்பு என்பது என்ன என்று சற்று விளக்கினால்தான் மேலே சொல்வது பொருள்படும். வார்ப்பிரும்பில் கரிமம் இரண்டு முதல் நான்கு விழுக்காடு வரை இருக்கும்; அது உருகி அச்சில் பாயும், ஆனால் அடித்தால் உடையும். தேனிரும்பில் கரிமம் பெரும்பாலும் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. அத்துடன், முழுவதும் வெளியேறாத கசடு நூலிழைகளாக இரும்புக்குள் படர்ந்து கிடக்கும். மீண்டும் மீண்டும் மடித்து அடிக்கப்படுவதால் அந்த இழைகள் கம்பியின் நீளவாட்டில் ஓடி, இரும்புக்கு மரத்தைப் போன்ற ஒரு நாரோட்டத்தைத் தந்துவிடுகின்றன. நன்றாகக் காய்ச்சிய தேனிரும்பு கொல்லனின் கைக்கு வசப்பட்டு வளையும், நீளும், பிளக்கும். வெண்சூட்டில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் ஒட்டி ஒன்றாகிவிடும். இந்த ஒட்டுக்கு ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலையிலிருந்து எடுத்த இரும்பு பட்டடைக்கு வந்து சேர்வதற்குள் சூடு இறங்கிவிடும் என்பதால், அடிக்கும் நேரம் சில நொடிகளே. அந்த நொடிகளைத் தவறவிட்டால் ஒட்டு பிடிக்காது. சூடு மிஞ்சினாலோ இரும்பே பொறியாக எரிந்து கெட்டுவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில், உலையில் கிடக்கும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே கொல்லர் இதை முடிவு செய்தார். சர்க் வாயிலில் ஒரு தண்டிலிருந்து கிளை பிரிந்து, அந்தக் கிளையிலிருந்து மற்றொன்று சுருண்டு செல்லும் இடங்கள் ஏராளம். அவற்றில் ஒவ்வொன்றும் அப்படி ஒரு சில நொடிகளில் வென்றெடுத்த இடம்.

இனி வாயிலின் அமைப்புக்கு வருகிறேன். நடுவே வண்டிகள் செல்லும் இரட்டைக் கதவு. அதன் இருபுறமும் திண்மையாக இல்லாமல் நான்கு பக்கமும் கம்பிவேலைப்பாட்டால் ஆன இரும்புத் தூண்கள். அவற்றிலிருந்து விரியும் இரும்புத் திரைகள். கதவின் தலைக்குமேலே மகுடம்போல் எழும் கொடிச்சுருள் வளைவு. பெரும்பாலான மாளிகைகளில் கதவு மட்டுமே இரும்பாக இருக்கும், தூண்கள் கல்லாலோ செங்கல்லாலோ கட்டப்பட்டிருக்கும். இங்கே கதவைத் தாங்கும் தூண்களையே கொல்லர்கள் இரும்பில் எழுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் இந்த வாயிலின் தனித்தன்மை. அத்தூண்களின் ஊடே அப்பாலுள்ள மரங்களும் வானமும் தெரிகின்றன. எடையைத் தாங்கும் உறுப்பு எடையற்றதாகத் தோன்ற வேண்டும் என்ற துணிச்சலான எண்ணம் அதில் இருக்கிறது. கோட்டையின் கனத்த வட்டக் கோபுரங்களுக்கு எதிரே இந்த மெல்லிய கூண்டுத் தூண்கள் நின்ற காட்சி எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். கல்லால் ஒரு தூணை எழுப்பியிருந்தால் அது கோட்டையுடன் போட்டியிட்டுத் தோற்றிருக்கும்.

கண்ணால் மேய்வதைவிட ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே நிற்பது பயன் தரும். நான் பரிந்துரைப்பது, தூணின் ஒரு பக்கத்தில் கண்மட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சுருளை. அந்தச் சுருளின் தொடக்கத்தில் கம்பி கனமாக இருக்கும்; வளைய வளைய மெலிந்து, நுனிக்கு வரும்போது மீண்டும் தட்டையாகவோ குமிழாகவோ அடித்து முடிக்கப்பட்டிருக்கும். வளைவு வட்டமன்று. உள்ளே செல்லச் செல்ல இறுகும் அந்த வளைவைக் கொல்லர் கண்ணளவாலேயே கொண்டுவந்திருக்கிறார். இரண்டு சுருள்கள் முதுகொட்டிச் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய இரும்புப் பட்டை அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பட்டையைச் சூடாக இருக்கும்போது சுற்றி வளைத்து மூடியிருப்பார்கள். ஆறும்போது அது சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும். சட்டத்தின் கிடைக்கம்பியில் துளையிட்டு நேர்க்கம்பியை அதனூடே செலுத்தியிருப்பதையும், துளையைச் சுற்றி இரும்பு சற்றே புடைத்திருப்பதையும் பாருங்கள். துளைக்காக இரும்பை வெட்டி எறியாமல், சூட்டில் உளியால் பிளந்து விலக்கியதன் அடையாளம் அந்தப் புடைப்பு. இரும்பின் நார் அறுபடாமல் துளையைச் சுற்றி ஓடுவதால் அந்த இடம் வலுவிழப்பதில்லை. மின்பற்றவைப்போ திருகாணியோ இல்லாமல், செருகியும் ஆணி அடித்துத் தறைந்தும் பட்டையிட்டும் உலைச்சூட்டில் ஒட்டியும் மட்டுமே இவ்வளவு பெரிய கட்டமைப்பைக் கோத்திருக்கிறார்கள். என் பார்வையில் ஒரு வாயிலின் தரம் அதன் இணைப்புகளில்தான் இருக்கிறது. வடிவத்தை வரைபடத்திலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். இணைப்பை எடுத்துக்கொள்ள முடியாது.

மேல்வளைவின் இலைகள் வேறு வகைத் திறமையைக் காட்டுகின்றன. மெல்லிய இரும்புத் தகட்டை ஈயத்தின் மீதோ குங்கிலியக் கலவையின் மீதோ வைத்துப் பின்புறமிருந்து தட்டிப் புடைப்பித்து, நரம்புகளை முன்புறமிருந்து அழுத்தி, பிறகு தண்டோடு சேர்த்து ஆணி தறைவது அந்த வேலை. இங்கிலாந்தில் இந்தப் பாணிக்குப் புதுவாழ்வு தந்தவர் ழான் திஜூ என்ற பிரெஞ்சுக் கொல்லர். மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் அரியணை ஏறிய 1689ஐ ஒட்டி அவர் இங்கிலாந்தில் வேலை செய்யத் தொடங்கினார். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தின் புகழ்பெற்ற இரும்புத் திரைகள் அவருடையவை. 1693இல் அவர் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு நாடெங்கும் கொல்லர்களின் கண்ணைத் திறந்தது. திஜூவின் வேலையில் தகட்டு இலைகள் மிகுந்து கம்பியையே மூடிவிடுவதுண்டு. சர்க்கில் மேல்வளைவு செழிப்பாக இருந்தாலும், கீழே இறங்க இறங்கக் கம்பியின் கோடுகளே ஆட்சி செய்கின்றன. இலை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அறிந்த கைகள் இவை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். மேல்வளைவின் நடுப்பகுதியில் சுருள்களும் இலைகளும் குலச்சின்னமும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. தரையிலிருந்து பார்க்கும்போது, குறிப்பாக மேகமூட்டமான நாளில், அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே கருநிழலாகத் தெரிகின்றன. தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் அந்தக் குழப்பம் தெளிந்துவிடும்.

அந்தக் குலச்சின்னத்தில் இருக்கும் செங்கையைப் பற்றி இந்தப் பகுதியில் வழங்கும் கதை பலருக்குத் தெரியும். மிடில்டன் குடும்பத்து இளைஞர் இருவர் சொத்துக்காக ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டதாகவும், வாயிலை முதலில் தொடுபவருக்கே கோட்டை என்று முடிவானதாகவும், வெல்லவிருந்தவர் தொடுவதற்குக் கை நீட்டிய கணத்தில் எதிராளியின் ஆள் ஒருவன் அந்தக் கையை வாளால் வெட்டிவிட்டதாகவும் சொல்வார்கள். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் செங்கை என்பது பாரனெட் பட்டம் பெற்ற பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொதுவான அடையாளம். முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611இல் அந்தப் பட்டத்தை ஏற்படுத்தியபோது, அதனால் கிடைத்த பணம் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக் குடியேற்றத்துக்கு என்று வைத்ததால், அல்ஸ்டரின் செங்கையே பாரனெட்டுகளின் சின்னத்திலும் இடம்பெற்றது. மிடில்டன்களின் சொந்தச் சின்னம் ஓநாய்த்தலை. பச்சைப் பட்டையின் மீது மூன்று வெள்ளி ஓநாய்த்தலைகள். வாயிலின் தூண்களுக்குமேல் ஈயத்தில் வார்த்த ஓநாய்கள் நிற்பதற்கும் அதுவே காரணம். இரும்பின் நுண்மைக்கு நடுவே அந்த ஓநாய்கள் சற்று முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்று முதலில் தோன்றலாம். எனக்கு அவை பிடித்திருக்கின்றன. கோடுகளாலேயே ஆன ஒரு படைப்புக்கு எங்காவது ஓர் எடை வேண்டும். அதை அந்த உருவங்கள் கொடுக்கின்றன.

இப்போது இருப்பிடத்தைப் பற்றிய என் வருத்தத்தைச் சொல்கிறேன். இந்த வாயில் முதலில் கோட்டையின் வடக்கு முகப்புக்கு எதிரே, ஒழுங்கான முற்றத்தின் எல்லையில் நின்றது. கிரேக்கக் கதைகளின் வீரன் ஹெர்குலிஸ், ரோமானியப் போர்த்தெய்வம் மார்ஸ் ஆகியோரின் ஈயச் சிலைகள் அங்கே அதற்குத் துணை நின்றன. வருபவர் வாயிலின் முன் வண்டியை நிறுத்தும்போது, இரும்பின் ஊடே கோட்டை முழுவதும் தெரியும். மதில் எழுப்பி மறைப்பதற்குப் பதிலாக இரும்புத் திரையை வைத்ததன் நோக்கமே அதுதான்: உள்ளே விடுவதற்கு முன்பே மாளிகையைக் காட்டிவிட வேண்டும், ஆனால் காட்டியதை எட்டவிடக் கூடாது. நான் மேலே புகழ்ந்த கூண்டுத் தூண்களின் ஒளிபுகும் தன்மைக்கு அங்கே முழுப் பொருள் இருந்தது. பிறகு ரசனை மாறியது. நேர்க்கோட்டுத் தோட்டங்களை அழித்து, இயற்கையாகத் தோன்றும் புல்வெளிகளையும் மரக்கூட்டங்களையும் அமைப்பது நாகரிகமானது. 1764 முதல் சர்க்கின் பூங்காவை மாற்றியமைத்த வில்லியம் ஈம்ஸ் அந்தப் பாணியைச் சேர்ந்தவர். புல்வெளி மாளிகையின் வாசல்வரை தடையின்றிப் பாய வேண்டும் என்ற புதிய பார்வையில், முற்றமும் வாயிலும் சிலைகளும் இடைஞ்சலாகத் தெரிந்தன. 1770இல் வாயிலைக் கழற்றிப் பூங்காவின் மற்றொரு நுழைவுக்குக் கொண்டுபோனார்கள். 1888இல் மீண்டும் இடம்பெயர்த்து இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள். ஹெர்குலிஸ் பின்னாளில் காட்டிலிருந்து மீட்கப்பட்டு இன்று தோட்டத்தில் நிற்கிறார். மார்ஸ் போனது போனதுதான்.

இன்று வாயிலின் ஊடே பார்த்தால் கோட்டை தெரியாது. அது ஒரு மைலுக்கும் அப்பால் இருக்கிறது. பூங்காவுக்குள் வளைந்து செல்லும் பாதையும் மரங்களுமே தெரிகின்றன. வாயில் எதைச் சட்டமிட்டுக் காட்டப் பிறந்ததோ அது அங்கே இல்லை. ஆகவே அறியாமல் பார்ப்பவருக்கு இது மிக அலங்காரமான ஒரு பூங்காக் கதவாக மட்டுமே தோன்றும். இதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கமாட்டேன். பழைய முற்றம் இப்போது இல்லை; அதை மீண்டும் கட்டினால் ஈம்ஸ் உருவாக்கிய நிலக்காட்சி சிதையும். தேனிரும்பைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் தறையாணிகள் அறுபடும், பட்டைகள் உடையும், புதிய துண்டுகள் சேர்க்க நேரும். இரண்டு இடமாற்றங்களைத் தாங்கிய ஒரு பொருளுக்கு மூன்றாவதைச் சுமத்துவது நியாயமன்று. ஆனால் கோட்டையைப் பார்த்து முடித்தபின், அதன் வடக்கு முகப்பின் எதிரே நின்று, சற்றுமுன் பார்த்த வாயிலை அங்கே மனத்தால் நிறுத்திப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். தூண்கள் ஏன் ஊடுருவிப் பார்க்கும்படி செய்யப்பட்டன என்பது அந்த இடத்தில் சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய வாயில்களின் பராமரிப்பைப் பற்றியும் மதிப்புரையில் சில வார்த்தைகள் எழுதியாக வேண்டும், ஏனெனில் பார்ப்பவர் புகழவோ குறைசொல்லவோ தெரிந்திருக்க வேண்டியது அது. தேனிரும்பு நெடுநாள் நிற்பதற்கு அதன் கசடு இழைகள் துணைசெய்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அதுவும் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு கம்பிகளுக்கு இடையே நீர் தேங்கித் துரு ஊறினால், அது மெல்ல மெல்லப் புடைத்து, இரும்புப் பட்டையையே பிளந்துவிடும் அளவுக்குத் தள்ளும். அதனால் முதலில் சீர்கெடுவது நான் மேலே வியந்த அதே இணைப்புகள்தான். அடுத்து அழிவது மெல்லிய தகட்டு இலைகள். சீரமைப்பவர்கள் எஃகுத் தகட்டை வெட்டி ஒட்டினால் தூரத்திலிருந்து வேறுபாடு தெரியாது. அருகில் வந்தால், விளிம்பு கூர்மையாகவும் பரப்பு உயிரற்றதாகவும் இருக்கும். தேனிரும்பையே பயன்படுத்துவதுதான் முறை. ஆனால் அதை உற்பத்தி செய்த பிரிட்டனின் கடைசிப் பெரிய ஆலை, போல்டன் நகரில் இருந்தது, 1970களில் மூடப்பட்டுவிட்டது. இன்று பழைய தேனிரும்பைத் திரட்டி மீண்டும் காய்ச்சி உருட்டித்தான் சீரமைப்புக்குத் தருகிறார்கள். செலவு கூடுதல் என்றாலும், இந்தத் தரத்து வாயில்களில் வேறு எதையும் சேர்க்க அனுமதிக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. சர்க் வாயில் முதல்நிலைப் பாதுகாப்புச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், அதில் கைவைக்க அனுமதி பெற்றாக வேண்டும் என்பது ஆறுதல்.

வண்ணத்தைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. பழைய இரும்பு வாயில் என்றாலே கறுப்பு என்று நினைக்கிறோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலம், பச்சை, சாம்பல், வெள்ளை ஆகிய வண்ணங்களெல்லாம் பூசப்பட்டன. ஈயவெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நீலக் கண்ணாடித் தூளைத் தூவுவதும், இலைகளுக்குப் பொன்முலாம் இடுவதும் வழக்கமாக இருந்தன. பழைய வாயில்களின் பூச்சைச் சிறு துணுக்காகப் பெயர்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக இந்த வண்ணங்கள் வெளிப்படும். ஆகவே பழைய இரும்பை மணல் வீசிச் சுரண்டிப் பளபளவென்று ஆக்குவது, துருவுடன் சேர்த்து வரலாற்றையும் அகற்றிவிடுகிறது. அடித்த கொல்லரின் சம்மட்டித் தடமும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அதுவும் அத்துடன் போய்விடும்.

இதே சகோதரர்களின் பிற வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு இந்தப் பகுதி ஒரு நல்வாய்ப்பு. ரெக்ஸம் நகரின் புனித ஜைல்ஸ் தேவாலய வாயிலை அவர்கள் 1720இல் செய்தார்கள். சர்க்கைவிடச் சிறியது, அடக்கமானது, ஆனால் நகரத் தெருவின் முடிவில் தேவாலயக் கோபுரத்தைப் பின்னணியாகக் கொண்டு தன் இடத்திலேயே நிற்கிறது. அந்த வகையில் அது சர்க்குக்கு இல்லாத ஒரு முழுமையைப் பெற்றிருக்கிறது. தமிழ் வாசகருக்கு அங்கே இன்னொரு காரணமும் உண்டு: 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1721இல் அடக்கம் செய்யப்பட்டது அந்தத் தேவாலய வளாகத்தில்தான். ரெக்ஸமை ஒட்டியுள்ள எர்திக் மாளிகைத் தோட்டத்தில், நீண்ட நீர்த்தடத்தின் முனையில் நிற்கும் இரும்புத் திரையும் டேவிஸ் சகோதரர்களின் பெயருடன் இணைத்துப் பேசப்படுவது. அதுவும் ஸ்டான்ஸ்டி என்ற வேறோர் இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டதே. ஆனால் நீரில் அதன் நிழல் விழும்படி பொருத்தியிருப்பதால் இடமாற்றம் அங்கே உறுத்துவதில்லை. மோல்டு நகருக்கு அருகிலுள்ள லீஸ்வுட்டின் வெள்ளை வாயில்கள் அகலத்தால் சர்க்கை மிஞ்சுகின்றன. வேலையின் செறிவில் சர்க்கை எதுவும் மிஞ்சவில்லை என்பது என் கருத்து. வெள்ளை வாயில்களில் ஒரே கூறு திரும்பத் திரும்ப வருகிறது. சர்க்கில் ஒவ்வொரு தூண்பக்கமும் கண்ணுக்கு வேலை வைக்கிறது.

போய்வருவது எளிது. ஷ்ரூஸ்பரிக்கும் செஸ்டருக்கும் இடையிலான ரயில் பாதையில் சர்க் நிலையம் இருக்கிறது; அங்கிருந்து வாயில் கால் மைல், கோட்டை ஏறத்தாழ ஒன்றரை மைல். கோட்டையும் பூங்காவும் 1981 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசம் உள்ளன. கோட்டைக்குள் செல்வதற்குக் கட்டணமும் நேரக் கட்டுப்பாடும் உண்டு என்பதால் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. காரில் வருபவர் வண்டிக்குள் இருந்தபடியே வாயிலைப் பார்த்துவிட்டதாக எண்ண வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். உச்சிவெயிலைத் தவிர்த்து, ஒளி பக்கவாட்டில் விழும் காலையோ மாலையோ செல்லுங்கள். சம்மட்டித் தடங்களும் இலைகளின் நரம்புகளும் அப்போதுதான் எழுந்து நிற்கும். வெளிப்புறத்தைப் பார்த்தபின் உள்ளே சென்று பின்புறத்தையும் பாருங்கள். தகட்டு இலைகள் தண்டோடு எப்படித் தறையப்பட்டிருக்கின்றன, மேல்வளைவை எந்தத் தாங்குகம்பிகள் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன என்பவை அந்தப் பக்கத்தில்தான் மறைவின்றித் தெரியும்.